வாவிக்கரையில் நின்றோர்

நுவரெலியாவுக்கு நண்பர்களோடு சென்றவர் எவரும் கிரகரி வாவியின் கரையிற் சிறிது நேரமேனும் நின்று பாராமல் மீள்வதில்லை. ஏப்ரல் மாத வசந்தகாலத்திற் கொழும்பிலிருந்தும் கண்டியிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வரும் இளைஞர் கூட்டங்கள் நானுஓயாவிற் புகையிரதத்தை விட்டிறங்கி, பஸ்ஸில் ஏறி, நகருக்குள் நுழைந்ததும் முதலில் தேடுவது அந்நீர்ப்பரப்பையே. அங்கே நுழைவுச்சீட்டு வாங்க வேண்டும். படகுகள் உண்டு; மட்டக்குதிரைகள் உண்டு; அவித்த சோளப்பொத்தி விற்போர் உண்டு. நால்வர் தோளிற் கைபோட்டு நிற்க ஐந்தாமவர் படம் எடுப்பார். பின்னர் ஐந்தாமவர் நால்வரோடு சேர்ந்து நிற்க, வழியிற் போகும் ஒருவரிடம் கருவி கொடுக்கப்படும். படத்தின் பின்புறத்தில் நீர், அதற்கப்பால் தேயிலை, அதற்கும் மேலே மூடுபனி.

இக்காட்சியை இயற்கையின் கொடை என்று சுற்றுலாக் கையேடுகள் எழுதிவிடுகின்றன. அது உண்மையன்று. மலைநாட்டிலே பயணிகள் நின்று பார்க்கும் நீர்க்கரைகளுட் பெரும்பாலானவை மனிதர் வெட்டியும் மறித்தும் உண்டாக்கியவை. நிலம் யாருடையது, நீர் யாருக்கு, கரையில் நிற்கும் உரிமை எவர்க்கு என்ற கேள்விகளுக்கு ஒவ்வொரு காலத்தில் அதிகாரம் பெற்றிருந்தோர் அளித்த விடைகளே இக்கரைகள் எனலாம். ஓரிடத்தை வேடிக்கை பார்க்கப் போவதென்பது எல்லார்க்கும் எக்காலத்தும் வாய்த்த ஒன்று என எண்ணுவது இயல்பு. மலையகத்தைப் பொறுத்தவரை பார்க்கப் போவதற்கே ஒரு வரலாறு உண்டு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நுவரெலியா ஒரு நகரமன்று. பிதுருதலாகலை மலையின் அடிவாரத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,900 மீற்றர் உயரத்திற் கிடந்த ஒரு புல்வெளி அது. தாழ்ந்த இடங்களிற் சதுப்பு. ஆங்கிலேய மருத்துவராகிய ஜோன் டேவி 1819இல் இவ்வழி வந்தார். இரண்டாண்டுகளின் பின் வெளியிட்ட தமது நூலில் இப்பிரதேசத்தைப் பற்றி எழுதினார். 1820களின் இறுதியில் தேசாதிபதி சேர் எட்வேட் பார்ன்ஸ் நோயுற்ற படையினர் உடல்தேறும் இடமாக இதனை ஆக்கினார். தமக்கென ஒரு மாளிகையும் கட்டுவித்தார். 1848இல் சாமுவேல் பேக்கர் இங்கிலாந்திலிருந்து குடியேறிகள், கால்நடைகள், கலப்பைகள் சகிதம் வந்து, ஓர் ஆங்கிலக் கிராமத்தை அப்படியே பெயர்த்து நடுவதற்கு முயன்றார். எட்டாண்டுகளில் அவர் திரும்பிவிட்டார். ஆயினும் அவர் விட்டுச் சென்ற ஆசை திரும்பவில்லை. வெப்பநாட்டில் ஆட்சிசெய்ய வந்தவர்கள் தம் ஊரின் குளிரையும் புல்தரையையும் நீர்நிலையையும் ஒருங்கே காணத்தக்க ஓரிடத்தை விரும்பினர்.

இவ்விருப்பம் நுவரெலியாவுக்கு மட்டும் உரியதன்று. நீலகிரியிலே கோயம்புத்தூர்க் கலெக்டர் ஜோன் சலிவன் 1820களில் உதகமண்டலத்து ஏரியை உண்டாக்கினார். பழனிமலைத் தொடரிலே மதுரைக் கலெக்டராக இருந்த வெரி லெவிஞ்ச் 1863இல் கொடைக்கானல் ஏரியை அமைத்தார். மூன்றாவதாக 1873இல் வந்தது கிரகரி வாவி. மலையுச்சியிற் குளிரைக் கண்ட இடத்தில் ஓடையை மறித்து ஏரி சமைப்பது ஆங்கிலேய உத்தியோகத்தரிடையே ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டதென்பது இம்மூன்றையும் ஒருங்குவைத்து நோக்குமிடத்துத் தெரியவரும். இவற்றுக்கெல்லாம் முன்னரே, 1807இல், கண்டியின் கடைசி மன்னன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் தன் அரண்மனைக்கு முன் இருந்த வயல்நிலத்தை வாவியாக்கினான். அவ்வேலைக்கு ஆட்களை வருத்தினான் என்ற பழியை ஆங்கிலேயர் அவன்மீது பலமுறை எழுதினர். அவர்கள் உண்டாக்கிய ஏரிகளைப் பற்றி எழுதும்போது வேலையாட்களைப் பற்றிய பேச்சே எழவில்லை.

தேசாதிபதி சேர் வில்லியம் ஹென்றி கிரகரியின் ஆட்சி 1872 முதல் 1877 வரை நீடித்தது. பிதுருதலாகலையிலிருந்து இறங்கும் தலகல ஓயாவை மறித்துச் சதுப்பை வாவியாக்குவதற்கு 1873இல் அவர் அனுமதி வழங்கினார். அழகு ஒன்றே நோக்கமாக இருக்கவில்லை. சதுப்பு வாவியாக ஒடுங்கினால் அதன் கரையோரத்தில் நகரை விரிக்க நிலம் கிடைக்கும். அவ்வாறே நிலம் கிடைத்தது. வாவிக்குத் தேசாதிபதியின் பெயரும் கிடைத்தது.

இம்மனிதரைப் பற்றிச் சற்று விரிவாகப் பேசவேண்டியுள்ளது. ஏனெனில் இலங்கையில் அவர் பெயர் நல்லபெயராகவே நிலைத்திருக்கிறது. அநுராதபுரப் பகுதியின் பழைய குளங்களைத் திருத்துவதில் அவர் அக்கறை காட்டினார். வடமத்திய மாகாணத்தைத் தனி மாகாணமாக்கினார். கொழும்பு நூதனசாலையை 1877இல் திறந்துவைத்தார். நூதனசாலையின் முன்றிலில் அவருடைய சிலை இன்றும் நிற்கின்றது. இவற்றை மறைப்பது வரலாற்றுக்கு அழகன்று. ஆயின் அயர்லாந்திலே அவர் பெயரைச் சொன்னாற் குளமும் நூதனசாலையும் எவர்க்கும் நினைவுக்கு வரா. 1840களின் நடுப்பகுதியில் உருளைக்கிழங்குப் பயிர் அழுகி அந்நாட்டைப் பெரும்பஞ்சம் பிடித்தது. அவ்வேளை டப்ளின் நகரின் பாராளுமன்ற உறுப்பினராக இருந்தவர் கிரகரி. 1847இல் வறியோர் உதவிச் சட்டத்தைத் திருத்தியபோது அதில் ஒரு பிரிவைச் சேர்ப்பித்தவரும் அவரே. கால் ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்தை வைத்திருக்கும் குடியானவன் அதனைக் கைவிட்டாலன்றி அவனுக்கு அரச உதவி கிடையாது என்பது அப்பிரிவு. பிள்ளைகளின் பசியைத் தீர்க்க நிலத்தைக் கொடுத்துத் தெருவில் நின்றவர்கள் பலர். நிலத்தை விட மனமின்றிப் பட்டினியால் மடிந்தவர்களும் பலர். ஐரிஷ் வரலாற்று நூல்களில் அப்பிரிவு இன்றுவரை கிரகரி பிரிவு என்றே வழங்குகின்றது.

கிரகரியின் இலங்கை ஆட்சி முடிவுற்ற காலத்தில் மற்றொரு பஞ்சம் கடல்கடந்து அவருடைய வாயிலுக்கே வந்தது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தைத் தமிழறிந்தோர்க்கு விளக்க வேண்டுவதில்லை. திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, திருநெல்வேலி முதலான பகுதிகளிலிருந்து பெருந்தொகையான குடும்பங்கள் கங்காணிமாரின் பின்னால் இலங்கைத் தோட்டங்களை நோக்கி நடந்தன. ஐரிஷ் குடியானவனும் புதுக்கோட்டைச் சீமையின் பள்ளனும் ஒருவரையொருவர் கேள்விப்பட்டும் இருக்கமாட்டார்கள். எனினும் நிலமற்றவன் வயிற்றை நிரப்பவேண்டுமாயின் எங்கே நிற்க வேண்டும் என்பதை இருவர்க்கும் ஒரே வகையான ஆட்சி தீர்மானித்தது.

இடையே ஒரு சிறு செய்தியையும் குறிப்பிடலாம். அயர்லாந்திற் கிரகரியின் பண்ணை வீடு இருந்த இடம் கூல் என்பது. அங்குள்ள ஏரியில் நீந்தும் அன்னங்களை ஈற்ஸ் என்னும் கவிஞர் பின்னாளிற் பாடியதால் அவ்வேரி உலகப்புகழ் பெற்றது. கிரகரியின் பெயர் தாங்கிய நுவரெலியா வாவியில் இன்று நண்பர் கூட்டங்கள் காலால் மிதித்துச் செலுத்தும் படகுகளும் அன்ன வடிவிலேயே செய்யப்பட்டிருக்கின்றன. எவரும் எண்ணிச் செய்த பொருத்தமன்று இது.

வாவி அமைந்தபின் அதன் கரை யாருக்கு உரியதாயிற்று? 1876இல் கோப்பித் தோட்டத் துரைமார் தமக்கென ஹில் கிளப்பை நிறுவினர். குதிரைப் பந்தயத் திடலும் கொல்ப் புல்வெளியும் அடுத்தடுத்துத் தோன்றின. 1880களின் தொடக்கத்தில் உதவி அரசாங்க அதிபராக இருந்த லெ மெசூரியர் வாவியில் ட்ரௌட் மீன்குஞ்சுகளை விடுவித்தார். உண்பதற்கு மீன் இல்லாத குறையாலன்று. தூண்டிலிட்டு விளையாடுவதற்கே அம்மீன். 1885இற் புகையிரதம் நானுஓயாவை எட்டியதும் கொழும்பின் வெயிலிலிருந்து வாவிக்கரைக்கு வருவது எளிதாயிற்று. 1897இல் விக்ரோறியா மகாராணியின் வைரவிழா நினைவாக நகருக்கு ஒரு பூங்காவும் வந்து சேர்ந்தது. இவை அனைத்தும் ஒரு சிறு வட்டத்தாரின் மகிழ்ச்சிக்காக அமைந்தவை. இலங்கையர் எவராயினும் ஹில் கிளப்பின் படியேறி உறுப்பினராவது சுதந்திரத்துக்குப் பின்னரும் நெடுங்காலம் இயலாதிருந்தது.

இதற்கிடையே சுற்றிலும் மலைகள் மாறிக்கொண்டிருந்தன. 1869இல் முதன்முதலிற் காணப்பட்ட இலைநோய் கோப்பிப் பயிரை இருபது ஆண்டுகளுக்குள் அழித்துவிட்டது. 1867இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் நட்ட தேயிலை மலைமுழுதும் பரவியது. கோப்பிக்குப் பழம் பறிக்கும் பருவத்தில் மட்டும் ஆள் வேண்டும். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் வேண்டும். வந்து போனவர்கள் வந்து தங்கியவர்களானது இதனாலேயே. லயங்கள் நிரந்தர வீடுகளாயின. வாவியிலிருந்து கூப்பிடு தூரத்திலுள்ள மலைகளில் ஆயிரக்கணக்கான தமிழர் வாழ்ந்தனர். அவர்கள் வாவிக்கரைக்கு வந்தார்களா?

வந்தார்கள், ஆனாற் பார்ப்பவர்களாக வரவில்லை. துரையின் குழந்தையைத் தள்ளுவண்டியில் வைத்து உலாத்திய ஆயாவாக, குதிரையைப் பிடித்து நின்ற குதிரைக்காரனாக, பங்களாவின் கூடையைச் சுமந்த அப்புவின் உதவியாளாக அவர்கள் நின்றார்கள். தேநீர் விருந்து முடியும்வரை நீரைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு அவர்களுக்கும் கண் இருந்தது. எனினும் அது சம்பளத்துக்குக் கட்டுப்பட்ட பார்வை.

ஏனையோர்க்கு அதுவும் இல்லை. காலை பெரட்டுக்கு நின்று, மாலை கொழுந்து நிறுத்து முடியும்வரை மலையில் நின்றவர்கள் ஊர்சுற்ற எப்போது போவது? நேரம் ஒருபுறமிருக்க, போகும் உரிமையே கட்டுண்டு கிடந்தது. ஒரு தொழிலாளி பெரிய கங்காணிக்குப் பட்டிருந்த கடன் துண்டு எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டிருக்கும். அக்கடனை ஏற்கும் வேறொரு தோட்டம் வாய்த்தாலன்றி அவன் இருக்கும் இடத்தை விட்டு அசைய முடியாது. இத்துண்டு முறை 1921இற் சட்டத்தால் ஒழிக்கப்படும்வரை ஆயிரக்கணக்கானோரின் கால்களுக்கு அது விலங்காயிருந்தது. வெளியார் உள்ளே வருவதும் அவ்வாறே தடுக்கப்பட்டது. தோட்டத்து எல்லைக்குள் அனுமதியின்றி நுழைவது அத்துமீறற் குற்றம். மலையகத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான கோ. நடேசையர் புடைவை வியாபாரியைப் போல வேடமிட்டுத் தோட்டங்களுக்குள் நுழைந்தார் என்று வழங்கும் செய்தியை இவ்விடத்து நினைவுகூரலாம். 1931இல் அவர் ஹட்டனைத் தளமாகக்கொண்டு தொழிலாளர் சம்மேளனத்தை அமைத்தபோது கேட்ட உரிமைகளுள் கூலியுயர்வு மட்டுமன்றி, மனிதர் மனிதரைச் சென்று காணும் உரிமையும் அடங்கியிருந்தது என்று கொள்வது தவறாகாது.

சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு டவுனுக்குப் போதல் என்பது தோட்டத்து மக்களின் வழக்கிற் பெரிய சொல். அரிசி, கருவாடு, பிள்ளைக்கு ஒரு சட்டை, இயன்றால் ஒரு படக்காட்சி. அந்த டவுன் பயணத்தின் ஓரத்திலேதான் மெல்ல மெல்ல வாவிக்கரையும் அவர்களுக்குரியதாகத் தொடங்கியது. நகரவாசிகள் உல்லாசப் பயணம் என்று சொல்லும் ஒன்று தோட்டத்து மக்களிடையே சாமான் வாங்கும் பயணத்தின் மிச்ச நேரமாகப் பிறந்தது.

வாவியின் கதை இத்துடன் நின்றிருந்தால் நுவரெலியாவோடே முடிந்திருக்கும். அதனை ஹட்டன், மஸ்கெலியாப் பள்ளத்தாக்குகளுக்குக் கொண்டு சென்றவர் டி. ஜே. விமலசுரேந்திர என்ற பொறியியலாளர். பொதுவேலைப் பகுதியிற் பணிபுரிந்த அவர் 1912–13 காலப்பகுதியிற் கிரகரி வாவியின் நீரைச் சுரங்கவழியே இறக்கி, நகருக்கும் நானுஓயாவுக்கும் இடையிலுள்ள பிளக்பூலில் ஒரு சிறு நீர்மின் நிலையத்தை இயக்கும் ஏற்பாட்டிற்குக் காரணராயிருந்தார். பார்த்து மகிழ்வதற்கென அமைந்த நீர் அன்று முதல் விளக்கெரிக்கும் நீருமாயிற்று. அவ்விளக்குகள் பங்களாக்களிலும் ஹோட்டல்களிலும் எரிந்தன என்பதைச் சொல்லவும் வேண்டுமோ! சிறியதிலே பெரியதைக் கண்டவர் விமலசுரேந்திர. களனி கங்கையின் தலையாறுகளான கெசல்கமுவ ஓயாவையும் மஸ்கெலி ஓயாவையும் மறித்தால் நாடு முழுவதற்கும் மின்சாரம் பெறலாம் என்று 1918இற் பொறியியலாளர் சபையில் ஆய்வுரை நிகழ்த்தினார். ஆட்சியாளர் அதனைக் கனவென்று ஒதுக்கினர். தொடங்கிய வேலைகளும் நின்றன. 1950இல் லக்ஷபான மின்னிலையம் இயங்கத் தொடங்கியபோது அதனைக் காணும் பேறு முதியவராகிவிட்ட அவருக்குக் கிட்டியது. மூன்றாண்டுகளில் அவர் மறைந்தார்.

அதனைத் தொடர்ந்து எழுந்தவையே இன்று ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்குச் செல்லும் பயணிகள் பஸ்ஸின் ஜன்னலால் எட்டிப் பார்த்து வியக்கும் இரு பெரும் நீர்ப்பரப்புகள். கெசல்கமுவ ஓயாவை மறித்த காசல்ரீ அணை 1965இல் நிறைவுற்றது. அதன் நீரால் இயங்கும் நோட்டன் பிரிட்ஜ் மின்னிலையத்துக்கு விமலசுரேந்திரவின் பெயரே சூட்டப்பட்டது. மஸ்கெலி ஓயாவை மறித்த மவுசாகலை அணை அப்பத்தாண்டின் இறுதியில் எழுந்தது. மவுசாகலை எழுந்தபோது மஸ்கெலியா மூழ்கியது.

மூழ்கியது ஓர் ஊர். தேயிலை மலைகளின் நடுவே, ஆற்றோரத்திலே, கடைவீதியும் இந்துக் கோயிலும் பௌத்த விகாரையும் பள்ளிவாசலும் கொண்டு, சுற்றியுள்ள தோட்டங்கள் யாவற்றுக்கும் டவுனாக இருந்த ஊர். மேட்டு நிலத்திலே புதிய மஸ்கெலியா கட்டப்பட்டது. மக்கள் மேலே சென்றனர். தெய்வங்களுக்கும் புதிய இருப்பிடங்கள் அமைந்தன. நாட்டுக்கு மின்சாரம் வேண்டும் என்பதில் ஐயமில்லை. அணைக்கட்டே கூடாதென்று வாதிப்பது பேதைமையாகும். ஆயினும் அம்மின்சாரம் கம்பியேறிக் கொழும்பையும் தொழிற்சாலைகளையும் அடைந்தபோது, அணைக்கு நேர்மேலே இருந்த லயங்களிற் குப்பி விளக்கே நெடுங்காலம் எரிந்தது. நீருக்கு இடம் கொடுத்தவர்களின் வீட்டுக்கு வெளிச்சம் வந்துசேர எத்தனையோ தேர்தல்கள் கடந்தன.

நீர் ஏறிய ஆண்டுகள் எவை என்பதையும் மனங்கொள்ள வேண்டும். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத்து மக்களுட் பெரும்பாலோரை நாடற்றவராக்கியிருந்தது. காசல்ரீ அணை நிறைவுறும் தறுவாயில், 1964 ஒக்டோபர் 30ஆம் நாள், சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 9,75,000 பேரைப் பற்றிய கணக்கு அது. 5,25,000 பேரை இந்தியா ஏற்பது. 3,00,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவது. எஞ்சிய 1,50,000 பேரைப் பற்றிப் பின்னர் பேசுவது. அப்பேச்சு 1974இல் நிகழ்ந்தது. இரு நாடுகளும் அவர்களைப் பாதிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. மின்சாரத்தை அளப்பது போலவே மனிதரையும் அளந்தார்கள் என்று சொல்லத் தோன்றுகிறது.

ஆகவே மஸ்கெலியாவில் இரண்டு மறைவுகள் அடுத்தடுத்து நிகழ்ந்தன. ஊர் நீருக்குள் மறைந்தது. அவ்வூரின் கடைவீதியில் நடந்தவர்களிற் பலர் புகையிரதமேறித் தலைமன்னாரையும், கப்பலேறி இராமேஸ்வரத்தையும் அடைந்து மறைந்தனர். வழியனுப்ப வந்தோர் புகையிரத மேடைகளில் எழுப்பிய அழுகுரலை மலையகத்து முதியோர் இன்றும் சொல்வர். சென்றவர்களில் ஒரு பகுதியினர் கூடலூர், கோத்தகிரிப் பகுதிகளிலே தாயகம் திரும்பியோருக்கென அமைந்த அரசுத் தேயிலைத் தோட்டங்களில் மீண்டும் கொழுந்து கிள்ளினர். அவர்களின் பிள்ளைகள் பள்ளிச் சுற்றுலா சென்று நின்று பார்க்கும் நீர்க்கரை உதகமண்டலத்து ஏரி, சலிவன் வெட்டிய ஏரி. ஒரு துரையின் வாவியிலிருந்து இன்னொரு துரையின் ஏரிக்குச் செல்வதற்கு அம்மக்களுக்கு நூறு ஆண்டுகளும் இரு கடற்பயணங்களும் தேவைப்பட்டன.

தலவாக்கலைப் பக்கத்து நீர்வீழ்ச்சிகளைப் பற்றி அதிகம் சொல்ல இடமில்லை. ஆயினும் ஒன்றைச் சொல்லாது விடுவதும் முறையன்று. ஹட்டன்–நுவரெலியா வீதியில் வாகனங்களை நிறுத்தி அனைவரும் படம் எடுக்கும் டெவன் நீர்வீழ்ச்சிக்கு அப்பெயர் வந்த டெவன் தோட்டத்திலே, 1977 மே 11ஆம் நாள், சிவனு லெட்சுமணன் என்ற இளைஞர் பொலிஸாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். நுவரெலியா மாவட்டத்தில் 7,000 ஏக்கர் தோட்டக் காணியைச் சுவீகரிக்கும் முயற்சிக்கு எதிராகத் தொழிலாளர் திரண்டபோது நிகழ்ந்தது அது. பார்வை மேடையில் நிற்போருக்கு நீர்வீழ்ச்சியின் உயரம் 97 மீற்றர் என்று தெரியும். அண்டையிலுள்ள சென்கிளேயர் நீர்வீழ்ச்சியின் கதை வேறு. மேல் கொத்மலை நீர்மின் திட்டம் அதனை வற்றச் செய்துவிடும் என்று 1990களில் எழுந்த எதிர்ப்புக் கடுமையானது. 150 மெகாவாற் வலுவுடைய அத்திட்டம் 2012இல் நிறைவேறியபோது, பகல்வேளையிற் குறித்த அளவு நீரை அருவிக்கு விடுவது என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. பார்ப்பவர் உள்ளபோது விழும். இருண்டபின் மின்னிலையத்துக்குப் போகும். காட்சிக்கென்றே நேரம் குறித்து விழும் அருவி உலகில் எத்தனை உண்டோ!

காசல்ரீயின் கரையில் துரைமார் வாழ்ந்த பழைய பங்களாக்களிற் சில இன்று உல்லாச விடுதிகளாயிருக்கின்றன. வெளிநாட்டார் அவற்றின் முன்றிலிற் கதிரையிட்டு அமர்ந்து நீரையும் எதிர்மலையிற் கொழுந்து கிள்ளுவோரையும் ஒரே பார்வையிற் காண்கின்றனர். கிரகரி வாவியின் தொடக்க நாட்களில் இருந்த பார்வையே கட்டணம் செலுத்திப் பெறும் பண்டமாக மீண்டுவந்துள்ளது. கிள்ளுவோர் பேரப்பிள்ளைகளும் இன்று நண்பர்களோடு ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போகின்றனர், அன்னப்படகில் ஏறுகின்றனர், படம் எடுக்கின்றனர். இதனை அற்பமென்று கருதுவோர் துண்டு முறையின் காலத்தை மறந்தவர். தன் கால் தன்னைக் கொண்டுபோன இடத்தில், ஏவலின்றி, வெறுமனே நின்று நீரைப் பார்ப்பதற்கு அக்குடும்பங்கள் மூன்று நான்கு தலைமுறை காத்திருந்தன.

ஆனால் மஸ்கெலியாவிலே வேறொரு வகையான பார்க்கப் போதலும் நிகழ்வதுண்டு. சிவனொளிபாத யாத்திரைக் காலத்தின் பிற்பகுதியில், மழை பொய்த்த ஆண்டுகளில், மவுசாகலை நீர்த்தேக்கம் வெகுவாக வற்றிவிடும். அப்போது சேறு காய்ந்து வெடித்த தரையிலே பழைய ஊர் எழுந்து நிற்கும். கோயிலின் சுவர்கள் தெரியும்; விகாரையும் பள்ளிவாசலும் இருந்த இடங்கள் தெரியும்; கட்டடங்களின் அடித்தளங்கள் வரிசையாகத் தெரியும். செய்தி பரவியதும் புதிய மஸ்கெலியாவிலிருந்தும் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும் மக்கள் இறங்கி வருவர். யாத்திரிகர்களும் பஸ்ஸை நிறுத்தி இறங்குவர். இளைஞர் சுவர்களின் முன் நின்று படம் எடுப்பர். அவர்களோடு வரும் முதியவர்கள் படத்தில் நிற்பதில்லை. அவர்கள் தரையைப் பார்த்துக்கொண்டு நடப்பர். ஓரிடத்தில் நின்று, இது இன்னாருடைய கடை என்பர். இன்னோரிடத்தில் நின்று, தேர் இவ்வழியாகத்தான் வரும் என்று கை நீட்டுவர். சிலர் கோயிற் சுவரடியிற் கற்பூரம் கொளுத்துவதும் உண்டு. மே மாதத்திலே தென்மேற்குப் பருவமழை தொடங்கும், நீர் ஏறும், முதலிற் கடைவீதியின் அடித்தளங்கள் மறையும், பின்னர் கோயிற் சுவர்.